உயிர் காலேஜுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோம்

என் தங்கை பூங்காவனத்துக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ஏழுமலை, ஊர் ஓமந்தூர் பக்கம். கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் உண்டு, குடிப் பழக்கம் இல்லை, மெட்ராஸில் மாதச் சம்பளம். தரகர் இவ்வளவையும் சொல்லி, வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்ட பிறகுதான் வேலை என்னவென்று சொன்னார். உயிர் காலேஜில் சிங்கத்துக்கும் புலிக்கும் கறி போடுகிற வேலை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றுதான் சொல்வார்கள். மியூசியம் செத்த காலேஜ். மெட்ராஸுக்குப் போய் வந்தவர்கள் இரண்டையும் பார்த்தால்தான் பட்டணம் பார்த்த கணக்கு.

அம்மா தரகரை முறைத்தாள். "உயிர் காலேஜா, உயிரை எடுக்கற காலேஜா? அங்கயா என் பொண்ண குடுக்கச் சொல்ற?"

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. பூங்காவனம் தூளியில் கிடந்தபோது அப்பா கொல்லையில் பாம்பு கடித்து இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் இருவரையும் அம்மா தனியாக வளர்த்தாள். தன் பெண்ணும் அப்படித் தாலியிழந்து உட்காருவதை நினைத்துப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. ஆனால் தரகரை ஒரேயடியாகப் போகச் சொல்லவும் மனம் வரவில்லை. நல்ல பையன் என்று நாலு பேர் சொல்லியிருந்தார்கள்.

"நீ நாலு எழுத்து படிச்சவ. போய் பாத்துட்டு வா. யாருன்னு சொல்லிக்காத. அவன் எப்படி கீறான், அந்த வேலை எப்படி கீது, எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள் என்னிடம். நான் கோலியனூர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. பூங்காவனம் மூலையில் உட்கார்ந்து செடியிலிருந்து மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

முதலில் பையன் வீடு, பிறகு மெட்ராஸ் என்று முடிவு செய்துகொண்டு மறுநாள் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். அவர் பயிர் வைக்கிறவர், ஆறடி ஆள். பயம் என்றால் என்னவென்று அவரிடம் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். பசி என்றால் என்னவென்று உடனே சொல்லிவிடுவார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று இரண்டு பைகளில் வறுத்த மல்லாட்டையை நிரப்பிக்கொண்டார்.

விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்தே எனக்கு ஒரே யோசனை. போய் வந்து நான் சொல்கிற ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் வாழ்க்கை நிற்கப்போகிறது. நல்லது என்று சொல்லி நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பிறகு நல்ல வரனே வராமல் போனால்?

கூட்டேரிப்பட்டு வந்ததும் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"எல்லாரும் எறங்குங்க. டயரு பூட்ச்சி. மாத்து டயரும் பஞ்சரு. திண்டிவனத்துலேர்ந்து வரணும்" என்றார் கண்டக்டர்.

"இன்னா பேஜாருய்யா இது" என்று ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். எனக்கு இது சகுனம் மாதிரிப் பட்டது. என் வீட்டுக்காரருக்கு எதிர்த்தாற்போல் போண்டாக் கடை இருந்தது மட்டும்தான் பட்டது. அவர் போண்டாவை ஊதி ஊதித் தின்றுகொண்டே கடைக்காரரிடம் எங்கே போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டார். நான் கண்ணைக் காட்டுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"உயிர் காலேஜா?" என்று கடைக்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தார். "ஓமந்தூர் பக்கத்து ஆளு ஒர்த்தன் அங்க வேலை செய்யறான். புலி அவன் கையக் கவ்விடிச்சாம். கட்டு போட்டுக்கினு இந்த வழியாத்தான் பஸ்ஸுல போனான். என் கண்ணால பாத்தேன்."

"புலியையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கையில போட்டிருந்த கட்டைங்க."

டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அங்கே எத்தனை பேர் வேலை செய்யப்போகிறார்கள்? ஏழுமலையாகத்தான் இருக்கவேண்டும். இப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றேன். "ஒர்த்தன் போண்டா சுட்டுக்கினே சொல்றத வச்சி பொண்ணு வேணாம்னு சொல்லுவியா? வாடி" என்றார். பஸ்ஸுக்கு டயர் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது.

பையன் வீட்டுக்கு நாங்கள் வருவது தெரியும். வீடு பார்க்க வருகிறோம் என்று தரகர் மூலமாகச் சொல்லியிருந்தோம். அடுத்த நாள் மெட்ராஸ் போகப்போவதை மட்டும் சொல்லவில்லை. மண்சுவர் வீடுதான். ஆனால் மெழுகி, கோலம் போட்டு, வாசலில் கட்டியிருந்த மாட்டின் கொம்புக்குக்கூட எண்ணெய் தடவியிருந்தார்கள். உள்ளேயிருந்து கோழிக்குழம்பு வாசனை வந்தது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் மோரோடு நிறுத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் பார்த்தபடியே மோரைக் குடித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பையனின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"உங்க புள்ள உடம்பு சொகமா கீறாருங்களா?" என்று பொதுவாகத்தான் கேட்டேன்.

"கையெல்லாம் நல்லா ஆறிடிச்சிம்மா" என்றார். சொன்ன பிறகுதான் நான் கையைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. எழுந்து, "கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சோ இன்னாவோ" என்று வெளியே போய்விட்டார். கன்றுக்குட்டி கட்டியபடியேதான் நின்றது.

அன்று திண்டிவனத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுத்தோம். எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் எழும்பூரில் ரயில் இறங்கி, ஒரு ஜட்காவில் ஏறினோம். குதிரை நடு ரோட்டில் நின்றுகொண்டு அடி எடுத்து வைக்க மறுத்தது. வண்டிக்காரர் இறங்கி அதன் காதில் ஏதோ சொல்லிக் கெஞ்சினார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. மிருகத்தோடு பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும் இதே பாடுதானோ என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் இறங்கி நடந்தோம். "எதுனா துன்னுட்டுப் போலாம்டி" என்றார் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஓட்டல் வாசலிலும். கறி போடுகிற நேரம் தவறிவிடுமே என்று நான் நிற்கவில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது உயிர் காலேஜ். பெரிய பெரிய மரங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பாதைகள், பாசி பிடித்த கல் தொட்டிகள், வண்ணம் உரிந்த இரும்புக் கம்பிகள். உள்ளே நுழைந்ததும் முதலில் வந்தது வாசனைதான். சாணமும் ஈர வைக்கோலும் பச்சைக் கறியும் கலந்த வாசனை.

முதல் வேலிக்குள் மான்கள் நின்றன. அடுத்ததில் காட்டுப்பன்றி. என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். "இதுக்காடி ஜனங்க டிக்கெட் வாங்கிக்கினு வருது? நம்ம கொல்லையில வெரட்டி வெரட்டி கால் நோவுது. இங்க இதுக்கு வேளாவேளைக்கு சோறு!" நரிக்குக்கூட ஒரு கூண்டு இருந்தது. நரி எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

நீர்யானை தொட்டிக்குள் கிடந்தது. மூக்கும் காதும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. அது வாயைத் திறந்தபோது கூட்டம் ஓவென்று கத்தியது. எங்கள் வீட்டுக் கேழ்வரகுப் பானை இரண்டை உள்ளே வைக்கலாம். மலைப்பாம்பு கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. பாம்பு என்றாலே எனக்கு ஆகாது. சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

சிங்கத்தின் குரல் அதற்கு முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டது. காதால் கேட்டது கொஞ்சம்தான். நெஞ்சுக்கூட்டில்தான் அது அதிர்ந்தது. இந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் பூங்காவனம் குடும்பம் நடத்தவேண்டுமா?

கூண்டுக்கு முன்னால் கூட்டம். எனக்கு முன்னால் ஒரு தெலுங்குக்காரத் தம்பதி. எங்கள் பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, அதனால் எனக்குப் புரியும். "இதற்கு வயசாகிவிட்டது, பல்லெல்லாம் விழுந்திருக்கும்" என்று கணவர் சொன்னார். "அப்படியானால் நீங்கள் உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள்" என்றாள் மனைவி.

அப்போதுதான் ஏழுமலையைப் பார்த்தேன். தரகர் கொடுத்த போட்டோவில் இருந்ததைவிட மெலிந்திருந்தான். காக்கிச் சட்டை, முழங்கை வரை மடித்த கை. இடது மணிக்கட்டுக்கு மேல் தோல் சுருங்கி, வெளுத்த தழும்பு. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

அவன் சங்கிலியை இழுத்து ஒரு இரும்புத் தட்டிக் கதவைத் தூக்கினான். உள் அறையில் கறியைத் தள்ளியதும் சிங்கம் அந்தப் பக்கம் பாய்ந்தது. கதவை இறக்கித் தாழ் போட்டான். அதன் பிறகு துடைப்பமும் வாளியுமாக, சிங்கம் நின்ற அதே கூண்டுக்குள் குனிந்து நுழைந்தான். நடுவில் அந்த ஒரு தட்டிதான். அதற்கு அந்தப் பக்கம் எலும்பு நொறுங்குகிற சத்தம். இவன் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். கொஞ்சம் கழுவுவான், போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பான், மறுபடி கழுவுவான்.

சாக்கிரதையான ஆள் என்று ஒரு மனம் சொன்னது. இத்தனை தடவை தொட்டுப் பார்க்கவேண்டிய தாழ்ப்பாள் என்றால் அது என்ன தாழ்ப்பாள் என்று இன்னொரு மனம் கேட்டது. அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். நான் முடிவு செய்துவிட்டேன். வேண்டாம். பையன் தங்கமாகவே இருக்கட்டும், பூங்காவனம் தினமும் சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம்.

இதைச் சொல்லலாம் என்று திரும்பினால் பக்கத்தில் என் வீட்டுக்காரரைக் காணோம்.

பசி தாங்காமல் அவர் பையைப் பிரித்து மல்லாட்டை தின்றபடி நடந்திருக்கிறார். நான் தேடிப் பிடித்தபோது கரடிக் கூண்டுக்கு முன்னால் நின்றார். கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. அதற்குள் யாரும் போகக்கூடாது. அவர் ஆறடி ஆள் அல்லவா, தடுப்பின் மேல் வயிற்றை வைத்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் மல்லாட்டை. கரடி பின்னங்காலில் எழுந்து நின்று, உதட்டைக் குழல் மாதிரி நீட்டி ஒவ்வொன்றாக உறிஞ்சியது.

"என்னாங்க, வேணாங்க!" என்று கத்தினேன்.

"பாருடி, நம்ம ஊட்டு மாடு மாதிரி..." என்று அவர் என் பக்கம் திரும்பினார். கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துண்டின் முனை முன்னால் சரிந்தது. கரடியின் நகம் அதில் மாட்டியது. ஒரே இழுப்பு.

அவர் தடுப்பின் மேல் குப்புற விழுந்து, கூண்டுக் கம்பியில் தோள் மோத நின்றார். துண்டு கழுத்தில் முறுக்கிக்கொண்டது. நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இன்னும் நாலு பேர் ஓடிவந்து இழுத்தார்கள். இழுக்க இழுக்கத் துண்டு இறுகியது. அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. வாயிலிருந்து சத்தமே வரவில்லை. என் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"இழுக்காதீங்க! வுடுங்க, எல்லாரும் வுடுங்க!"

ஏழுமலை தடுப்பைத் தாண்டிக் குதித்தான். வந்தவன் என் வீட்டுக்காரரைப் பின்னால் இழுக்கவில்லை. தோளை வைத்து அவரைக் கூண்டுப் பக்கமாகத் தள்ளினான். கரடியின் வாய்க்கு நேராகத் தள்ளினான். நான் அவன் முதுகில் குத்தினேன். "ஐயோ, கொல்றானே!" என்று கத்தினேன். அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. தள்ளியதில் துண்டு தளர்ந்தது. அந்த இடைவெளியில் தன் வலது கையைக் கழுத்துக்கும் துண்டுக்கும் நடுவில் நுழைத்து, துண்டை அப்படியே தலைக்கு மேலாகக் கழற்றிவிட்டான். இருவரும் பின்னால் உருண்டு விழுந்தார்கள்.

கரடி துண்டை உள்ளே இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தது. அதில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலை நக்க ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் இருமினார். அந்த இருமலைப் போல இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஏழுமலை எழுந்தான். வலது முன்கையில் நகம் கீறி, ரத்தம் விரல் நுனியில் சொட்டியது. அதைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினான்.

"யோவ்! அறிவு கீதாய்யா ஒனக்கு? கம்பி எதுக்குய்யா போட்டு வச்சிகீது? நீ செத்துப்பூட்டா அந்தம்மா இன்னா பண்ணும்?"

அந்தம்மாவாகிய நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். தங்கைக்கு எது வரக்கூடாது என்று இவ்வளவு தூரம் வந்தேனோ, அது எனக்கே வந்து, தொட்டுவிட்டுப் போயிருந்தது. அதுவும் சிங்கத்துக்குக் கறி போடுகிறவனைக் கட்டிக்கொண்டதால் இல்லை, மல்லாட்டை போடுகிறவரைக் கட்டிக்கொண்டதால்.

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு திரும்பியது. அம்மா சொன்ன எச்சரிக்கையெல்லாம் துண்டோடு போய்விட்டது போலிருக்கிறது. "நாங்க கோலியனூரு. இவ பூங்காவனத்துக்கு அக்கா" என்றார்.

ஏழுமலையின் முகம் மாறியதை என்னால் எழுத முடியவில்லை. மடித்த சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டான். ரத்தம் சட்டையில் ஊறியது. "அண்ணே, தெரியாம யோவ்னுட்டேன்" என்றான்.

"சரியாத்தான் சொன்ன" என்றார் அவர்.

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகப் போனோம். காயத்தைக் கழுவி, தையல் போட்டு, ஊசி குத்தினார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபோது நான் கேட்டுவிட்டேன்.

"அந்தக் கையில தழும்பு? புலின்னு சொல்றாங்களே."

"புலி இல்லிங்கக்கா, கொரங்கு. வேலைக்கு வந்த புதுசுல தட்டை எடுக்கறப்போ கடிச்சிடிச்சி. தாழ்ப்பாள சரியா போடல. என் தப்புதான்." தழும்பைத் தடவிக்கொண்டே, "எங்கம்மா ஒன்னுமில்லன்னு சொல்லியிருக்குமே?" என்றான்.

"கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சின்னு சொன்னாங்க."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது சின்னப் பையன் மாதிரி இருந்தான்.

"பயமா இல்லியா உங்களுக்கு?"

"கீதுங்கக்கா. காலையில பூட்டைத் தொறக்கறப்போ தெனமும் கீது. சாயங்காலம் எல்லாத்தையும் பூட்டின பின்னாலதான் போவுது." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டான். "உங்க வூட்ல வேணாம்னு சொன்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன். கூடப்பொறந்தவளா இருந்தா நானும் யோசிப்பேன்."

பயமில்லை என்று அவன் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேண்டாம் என்று வாய் கூசாமல் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரி எதிரில் ஒரு ஓட்டலில் தன் காசில் இட்லி வாங்கிக் கொடுத்தான். எனக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத பசி. பாதி இட்லி போன பிறகு என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "கை நனைச்சிட்டடி." சாம்பாரில் ஊறியிருந்த விரல்களைப் பார்த்தேன். பிறகு மீதியையும் சாப்பிட்டேன்.

இரவை எழும்பூர் ஸ்டேஷனில் கழித்துவிட்டு, அடுத்த நாள் ரயில் ஏறினோம். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். செங்கல்பட்டில் தயிர்சாதம் வந்தது, வேண்டாம் என்றார். திண்டிவனத்தில் வடை வந்தது, வேண்டாம் என்றார். எனக்கு அதுவே பயமாக இருந்தது. விழுப்புரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரயிலில் நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

வீட்டில் அம்மா எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. போண்டாக் கடைக்காரர் சொன்னது, தழும்பு, சிங்கக் கூண்டு, தாழ்ப்பாள், கரடி, தையல், தினமும் காலையில் அவனுக்கு வருகிற பயம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் வெளிறிக்கொண்டே போனது. என் வீட்டுக்காரரின் கழுத்தில் துண்டு பதிந்த சிவப்புத் தடத்தைத் தொட்டுப் பார்த்து அழுதாள். நல்லது என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பூங்காவனம் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிங்கத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. சம்பளத்தைப் பற்றியோ மெட்ராஸைப் பற்றியோ கேட்கவில்லை.

"அக்கா, தையல் போட்ட கை நனையாம இருக்கணுமே, யாரு அவருக்கு சோறு ஆக்கிப் போடுவாங்க?" என்றாள்.

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. இனிமேல் நாங்கள் முடிவு செய்ய ஒன்றும் இல்லை. மூன்று நாளாக நான் சுமந்துகொண்டு அலைந்த பயத்தை என் தங்கை அந்த ஒரு கேள்வியில் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.